கணக்குப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காதே, கண்ணு

பெரியவள் ஒரு கணக்கைப் போட்டு முடித்தால் நோட்டைப் பார்க்கமாட்டாள், என் முகத்தைப் பார்ப்பாள். என் புருவம் கொஞ்சம் ஏறினால் போதும், எழுதிய விடையை ரப்பரால் தேய்த்து அழித்துவிடுவாள். பல நேரம் அது சரியான விடையாக இருக்கும். நான் புருவத்தைத் தூக்கியது அடுப்பில் பால் பொங்குகிற வாசனைக்காக இருந்திருக்கும்.

மூன்றாம் வகுப்புப் பாதியில் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கத் தொடங்கியபோது அவளோடு சேர்ந்து வந்த பழக்கம் இது. எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். கடிகாரம் வைத்துக் கணக்குப் போட வைப்பார்கள், முடிக்காதவர்கள் எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவள் ஒருநாளும் நின்றதில்லை. நிற்க வேண்டி வந்துவிடுமோ என்ற பயத்திலேயே முடித்துவிடுவாள். சின்னவன் பள்ளிப் பக்கமே போனதில்லை. அவனுக்கு இதற்கு நேர் எதிரான வியாதி. அதை அப்புறம் சொல்கிறேன்.

வீட்டுக்கல்வி பற்றி என்னிடம் விசாரிக்கிறவர்களில் முக்காலே மூணு வீசம் பேர் கேட்பது ஒன்றைத்தான். "கணக்கு எப்படிங்க சொல்லித் தர்றீங்க? நீங்க கணக்கு டீச்சருங்களா?" இல்லை. நான் பி.காம். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் எடுக்கவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்கு டீச்சருக்கு இல்லாத ஒரு வசதி அக்கவுண்ட்ஸ்காரிக்கு உண்டு. எங்கள் வேலையில் யாரும் கூட்டிப் போட்டுவிட்டு மேனேஜரிடம் ஓடி "சார், சரியா?" என்று கேட்பதில்லை. பற்று ஒருபக்கம், வரவு ஒருபக்கம், இரண்டும் ஒத்துப்போனால் வீட்டுக்குப் போகலாம். ஒத்துப்போகாவிட்டால் உட்கார்ந்து தேட வேண்டும். தேடுவதற்கும் வழி இருக்கிறது. நான் சேர்ந்த புதிதில் ஆபீஸில் இருந்த பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: வித்தியாசத் தொகையை இரண்டால் வகுத்துப் பார், அந்தப் பாதித் தொகை எங்காவது பற்றுக்குப் பதில் வரவில் உட்கார்ந்திருக்கலாம். ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடுகிறதா, அப்படியென்றால் ஏதோ ஒரு எண்ணில் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம், 63 என்று எழுத வேண்டியதை 36 என்று எழுதியிருப்பாய். வித்தியாசம் வந்துவிட்டதே என்று அங்கே யாரும் அழுததில்லை. டீ சொல்லிவிட்டுத் தேடுவோம்.

தன் விடையைத் தானே சரிபார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு அடுத்தவர் முகம் எதற்கு? "உன்னால முடியும் சாமி" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, சரிபார்க்கும் வழிகளை ஒவ்வொன்றாகக் கையில் கொடுப்பதுதான் தைரியம் தரும் என்பது என் கட்சி. இதை வைத்துத்தான் எங்கள் வீட்டுக் கணக்குப் பாடமே ஓடுகிறது.

முதல் வேலையாக ரப்பரை எடுத்து வைத்தேன். கணக்குப் புத்தகத்தில் அழிப்பது கூடாது என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. தப்பாக எழுதியதன் மேல் ஒரே ஒரு கோடு, பழைய எண் படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் சரியான எண், ஒரு சின்னக் கையெழுத்து. பெரியவளுக்கும் அதே சட்டம். கையெழுத்து போடுவது அவளுக்குப் பிடித்துவிட்டது. அதற்காகவே சில திருத்தங்கள் நடந்தன என்று சந்தேகம், ஆனால் கேட்கவில்லை. அழிக்க முடியாது என்று ஆனபிறகு, எழுதியதை ஒரு தடவை நின்று பார்க்கிற பழக்கம் தானாக வந்தது.

இரண்டாவது, நான் சரி என்றும் சொல்வதில்லை, தப்பு என்றும் சொல்வதில்லை. "டேலி ஆச்சா?", அதாவது ஒத்துப்போச்சா, என்று மட்டும் கேட்பேன். திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு டேலி என்ன என்று விளக்க வேண்டியதில்லை. முதலில் ரொம்பக் கோபப்பட்டாள். "உங்களுக்குத் தெரியுமில்ல, சொன்னா என்ன?" நியாயமான கேள்விதான். சரிபார்க்க வழி சொல்லிக்கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டால் அது வெறும் கொடுமை. அதனால் வழிகள்.

கூட்டலுக்குக் கழித்தல், பெருக்கலுக்கு வகுத்தல் என்று திருப்பிப் போட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது கணக்குப் போடுவதற்கு முன்பே விடை எங்கே விழும் என்று சொல்லிவிடுவது. 48×52 என்றால் 48 ஐம்பதுகளைவிடக் கூட, அதாவது 2400-க்கு மேலே. 50 ஐம்பத்திரண்டுகளைவிடக் குறைவு, 2600-க்குக் கீழே. கடைசி இலக்கம் எட்டிரண்டு பதினாறில் ஆறு. இவ்வளவு தெரிந்தபிறகு 24960 என்று ஒரு விடை வந்தால் அதுவே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். உழவர் சந்தைக்குப் போனால் இதுதான் எங்களுக்கு விளையாட்டு. விலைப்பலகையில் எல்லாம் எழுதியிருக்கும். தக்காளி கிலோ 32, முக்கால் கிலோ எவ்வளவு, கத்தரிக்காய் அரைக்கிலோ, பீன்ஸ் கால்கிலோ, மொத்தம் நூறுக்குள் வருமா வராதா. பைசா சுத்தமாக விடை வேண்டாம், நூறு ரூபாய் நோட்டு போதுமா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியில் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நோட்டைத்தான் பார்த்தாள், அதாவது ரூபாய் நோட்டை.

அப்புறம் ஒன்பது. 48-இன் இலக்கங்களைக் கூட்டினால் 12, அதைக் கூட்டினால் 3. 52-க்கு 7. 3×7 = 21, கூட்டினால் 3. விடை 2496, இலக்கக் கூட்டல் 21, மறுபடியும் 3. ஒத்துப்போகிறது. ஒன்பதை விலக்குதல் என்பார்கள், கால்குலேட்டர் வராத காலத்துக் கணக்கர்களின் ஆயுதம். ஒரு எண்ணை ஒன்பதால் வகுத்தாலும் அதன் இலக்கக் கூட்டலை ஒன்பதால் வகுத்தாலும் ஒரே மீதிதான் வரும் என்பதால் இது நடக்கிறது. 10-இல் ஒன்பதை எடுத்தால் ஒன்று மீதி, 100-இல் தொண்ணூற்றொன்பதை எடுத்தாலும் ஒன்று மீதி, 1000-த்திலும் அப்படியே.

பெரியவள் இதை வைத்துக்கொண்டு சில வாரம் வீட்டில் கண்ணில் பட்ட எண்ணையெல்லாம் சோதித்துக்கொண்டிருந்தாள். மின்கட்டண எண்கூடத் தப்பவில்லை. பிறகு ஒருநாள் கேட்டாள்: "2496-ஐத் தப்பா 2946-னு எழுதிட்டா? அதுக்கும் 21 தானே வரும்?" உண்மைதான். இலக்கம் இடம் மாறினால் இந்தச் சோதனை பிடிக்காது. ஏன் பிடிக்காது? இரண்டையும் கழித்துப் பார்க்கச் சொன்னேன். 450. ஒன்பதால் வகுத்தால் சரியாக 50. ஆபீஸ் பெரியவர் சொன்ன அதே ஒன்பது. இடம் மாறிய எண்ணுக்கும் உண்மையான எண்ணுக்கும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகவே இருக்கும், ஒன்பதின் மடங்கை இந்தச் சோதனை கண்டுகொள்ளாது. பற்று வரவை ஒத்துப்பார்க்கும்போது தப்பைக் காட்டிக்கொடுப்பதும் பெருக்கலில் தப்பை மறைப்பதும் ஒரே குணம்தான். பல வருஷம் அந்த வேலை பார்த்தும் இந்த இரண்டையும் நான் சேர்த்து யோசித்ததில்லை. அவள் கேட்டபிறகுதான் யோசித்தேன்.

பின்னங்களில் எல்லாப் பிள்ளைகளும் செய்கிற ஒன்று, அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி 2/5 என்று எழுதுவது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. "2/5 பெரிசா, 1/2 பெரிசா?" என்று மட்டும் கேட்டேன். கடைகளில் பில் போடுகிற காகித ரோல் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். எண்கோட்டிலிருந்து பின்னம் வரை எல்லாவற்றுக்கும் அதுதான் எங்கள் வீட்டுக் கரும்பலகை. ஒரே நீளத்தில் இரண்டு துண்டு கிழித்து ஒன்றை இரண்டாகவும் ஒன்றை ஐந்தாகவும் மடித்தாள். அரையோடு இன்னொன்றைக் கூட்டினால் அரையைவிடக் குறைகிறது! அவளே சிரித்துவிட்டாள். கோட்டைப் போட்டு அடித்து, கையெழுத்தும் போட்டாள். ஆறாக மடித்தால் இரண்டும் அடங்கும் என்று கண்டுபிடிக்க அப்புறம் நேரமாகவில்லை.

அதற்கும் முன்னால் பின்னத்தை அவளுக்கு அறிமுகம் செய்தது அவளுடைய அப்பத்தாவின் பித்தளைப் படி. ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு, நான்கு உழக்கு, எட்டுப் படி சேர்ந்தால் ஒரு மரக்கால். முக்கால் படியிலிருந்து ஒரு ஆழாக்கு அரிசி எடுத்தால் மீதி எவ்வளவு என்பதை அவள் முதலில் அரிசியாகவே பார்த்தாள், 5/8 என்று எழுதியது பிறகு. சின்னவன் ஆழாக்கைக் கோபுரமாகக் குவித்து அளந்து எட்டாவது ஆழாக்கைப் படியில் கொட்டியதும் அரிசி தரையெல்லாம் சிந்தியது. "தலை தட்டி அளக்கோணும் சாமி" என்றார் அப்பத்தா. எதை அளவு என்று வைத்துக்கொள்கிறோமோ அது மாறாமல் இருந்தால்தான் பின்னம் நிற்கும் என்பதை இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது.

வாய்ப்பாடு வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்றுதான் சொல்வேன். புரிந்தால் போதும், மனப்பாடம் எதற்கு என்கிற கூட்டத்தில் நான் இல்லை. ஆனால் முதலில் சுமையைக் குறைக்க வேண்டும். பத்துக்குப் பத்துக் கட்டம் போட்டால் நூறு விடைகள். 3×7-ம் 7×3-ம் ஒன்றுதான் என்றதும் 55 ஆகிவிடும். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்தின் வரிசைகளை அடித்தால் மீதி 21. ஒன்பதாம் வாய்ப்பாட்டை விரல் மடித்துச் சொல்லிவிடலாம், அதையும் எடுத்தால் 15 தான் மிச்சம். கட்டத்தைப் போட்டு ஒவ்வொரு வரிசையாக அடித்தது பெரியவளேதான். அந்தப் பதினைந்தில் மறந்துபோனால் கட்டிக்கொள்ளவும் வழி இருக்கிறது: ஏழெட்டு மறந்தால் ஐயெட்டு நாற்பது, ஈரெட்டுப் பதினாறு, சேர்த்தால் 56. மறதி ஒரு விபத்து இல்லை என்று தெரிந்தபிறகு மறப்பதே குறைந்துவிட்டது. விரல் விட்டு எண்ணுவதை நான் தடுப்பதில்லை. தேவையில்லாதபோது அதுவே போய்விடுகிறது.

கோலத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த வருஷம் எங்கள் வீட்டில் நடந்த மிக நல்ல கணக்கு வகுப்பு வாசலில்தான் நடந்தது, அதை நான் நடத்தவில்லை. மார்கழியில் அப்பத்தா ஏழு புள்ளி நான்கு வரை ஊடுபுள்ளி வைத்துக்கொண்டிருந்தார். நடுவில் ஏழு, இருபுறமும் ஆறு, ஐந்து, நான்கு. மொத்தம் எத்தனை புள்ளி என்று சின்னவன் கேட்டான். அப்பத்தா எண்ணிப் பார்த்ததே இல்லையாம். எண்ணினால் 37. ஐந்து புள்ளி மூன்று வரை என்றால் 19. மூன்று புள்ளி இரண்டு வரை 7. நடுவில் ஒற்றைப் புள்ளி 1. பெரியவள் வரிசையாக எழுதி வித்தியாசம் எடுத்தாள்: 6, 12, 18. அப்படியானால் அடுத்தது 24 கூடி 61 வர வேண்டும். ஒன்பது புள்ளி ஐந்து வரை வைத்து எண்ணினார்கள். 61.

இதோடு முடிந்திருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவள் அந்த எண்களைக் கூட்டிக்கொண்டே போனாள், அக்கவுண்ட்ஸ்காரி மகள் வேறென்ன செய்வாள். 1. அதோடு 7, எட்டு. அதோடு 19, இருபத்தேழு. அதோடு 37, அறுபத்துநான்கு. "அம்மா, இது 2×2×2, 3×3×3, 4×4×4 மாதிரி வருது." எனக்கு நிஜமாகவே தெரியாது. அடுத்ததைக் கூட்டினால் 125 வருமா என்று பார்த்தோம், வந்தது. ஏன் வருகிறது என்பதை மரக்கட்டைகள் காட்டின. நீளம் அகலம் உயரம் மூன்றிலும் நான்கு வைத்து 64 கட்டைகளை ஒரு மூலையில் அடுக்கி, எதிர்மூலையிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற கட்டைகள் 37. அவற்றை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது மூன்றுக்கு மூன்றுக்கு மூன்று, 27. தெரிகிற கட்டைகள் கண்ணுக்கு அறுகோணமாக, அச்சு அசல் அப்பத்தாவின் ஊடுபுள்ளியாகத் தெரியும். நம்பிக்கை இல்லையென்றால் அடுக்கிப் பாருங்கள். பதினைந்து புள்ளி எட்டு வரைக்கு 169 என்று சின்னவன் வாசலில் நின்று அக்கம்பக்கத்து அக்காக்களுக்கெல்லாம் அறிவித்துக்கொண்டிருந்தான்.

அவன் கதை இதுதான். எதற்கும் உடனே விடை, சத்தியம் செய்வான், பாதி நேரம் தப்பாக இருக்கும், வருத்தமும் இருக்காது. காதர்பேட்டையில் ஒரு கடையில் 20 சதவீதம் தள்ளுபடி, அதன்மேல் இன்னும் 10 சதவீதம் என்று எழுதியிருந்ததைப் பார்த்து "முப்பது!" என்று கத்தினான். ஐந்நூறு ரூபாய்ச் சட்டைக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 400, அதில் பத்து சதவீதம் போனால் 360. மொத்தத் தள்ளுபடி 140, அதாவது 28 சதவீதம். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்பது அவன் தீர்ப்பு.

அவனுக்குத் தைரியம் தேவையில்லை, நிதானம் தேவை. அதனால் அவனுக்கு ஒரு வித்தியாச நோட்டு. தப்பான விடை, சரியான விடை, வித்தியாசம், காரணம் என்று நான்கு பத்தி. காரணத்தை அவனே எழுத வேண்டும். "இடம் மாறிடுச்சு", "கடன் வாங்கினதை மறந்துட்டேன்", "பூஜ்யத்தை விட்டுட்டேன்" என்று இருக்கும். அடிக்கடி வருவது "கேள்வியைப் பாதிதான் படிச்சேன்". இதற்கு மார்க் கிடையாது, திட்டும் கிடையாது. ஆனால் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவதைத் தன் கையெழுத்திலேயே பார்ப்பது வேறு.

உறவுக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகள் எதிரிலேயே "எனக்கெல்லாம் கணக்குன்னா அலர்ஜிங்க" என்று பெருமையாகச் சொல்வார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது என்பதை யாராவது இப்படிச் சொல்வார்களா? இன்னொரு கோஷ்டி ராமானுஜனை இழுக்கும். 1887-இல் நம்ம ஈரோட்டில் பிறந்தவர்தானே, பக்கத்து ஊர்தானே என்று. மேதைகள் கதை பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது என்றில்லை. ஆனால் என் பெரியவள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது, கணக்கு வருவதற்கு வரம் வாங்கி வந்திருக்க வேண்டும் என்பது. அவர் சிலேட்டில் போட்டுப் போட்டு முழங்கையால் அழித்துக்கொண்டே இருப்பார் என்று சொன்னபிறகுதான் கொஞ்சம் சமாதானமானாள். "அவருக்கு மட்டும் அழிக்கலாமா?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

தேர்வு பற்றிக் கேட்பவர்களுக்கு: பள்ளிக்குப் போகாமல் படிக்கிறவர்கள் தேர்வெழுதும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் (NIOS) பத்தாம் வகுப்புக்குப் பதிய 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழிப்பாடம். வருஷத்துக்கு இரண்டு முறை தேர்வு, பதிவு 5 ஆண்டுக்குச் செல்லும், ஒவ்வொரு பாடமாகக்கூட எழுதி முடிக்கலாம். கணிதம் கட்டாயமில்லை. அதனால் "வரலைன்னா விட்டுடலாமே" என்று வீட்டுக்கல்விக் குடும்பங்களிலேயே பேச்சு உண்டு. பதினான்கு வயதில் யோசித்து விட்டால் அது முடிவு. பதினொன்றில் பயந்து விடுவது வேறு. பின்னால் பொறியியலோ வேறெதுவோ படிக்க ஆசை வந்தால் அப்போது சிரமப்படப்போவது பிள்ளைதான். நாங்கள் தமிழக அரசின் பாடநூல்களைத்தான் வரிசையாகப் போடுகிறோம், விடைப்பக்கம் அவள் கையிலேயே இருக்கிறது. கடையில் வாங்கிய ஒரு கைடில் விடை தப்பாக அச்சாகியிருந்ததை அவள் கோடு போட்டு அடித்துக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறாள்.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது வடிவியலில். முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்துப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் நேர்கோடு வருகிறது, 180 பாகை. விதவிதமாக வெட்டிக் கிழித்துப் பார்த்தாயிற்று, வீடு முழுக்கக் காகிதம். "நாம கிழிக்காத முக்கோணத்துக்கு வரலைன்னா?" என்று கேட்கிறாள். பற்றும் வரவும் ஒத்துப்போவதை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடிகிற விஷயமில்லை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே காரணம் வேண்டும். உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போட்டால் அந்தக் காரணம் கிடைக்கும் என்று புத்தகம் சொல்கிறது. இந்த வாரம் முழுக்க ராத்திரி இணைகோடுகள் பாடத்தை நான் படித்துக்கொண்டிருக்கிறேன். பில் ரோலும் தீர்ந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும்.